பாதயாத்திரைக் கூடாரங்களில் பாதத்தையும் பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தைப்பூசத்துக்குப் பழநி செல்லும் பாதயாத்திரை பக்தர்களுக்கான அன்னதானம், குடிநீர், இரவில் ஒளிரும் பட்டை ஆகியவை பற்றி ஆண்டுதோறும் உங்கள் நாளிதழில் செய்தி வருகிறது. அதோடு இன்னொன்றும் வர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதி கட்டு மாற்றும் அறையிலேயே கழிந்தது. இப்போது தை மாதத்தில் ஒட்டன்சத்திரம் சாலையோரம் ஒரு முதலுதவிக் கூடாரத்தில் உதவி செய்கிறேன்.

கொப்புளத்தோடு வருபவர்களில், வலி தாங்காமல் நொண்டிக்கொண்டு வருபவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, அதில் மண் அப்பிக் கிடக்க, "எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க, பின்னாடி வந்தவர்தான் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னார்" என்பவர்களைப் பார்த்தால்தான் பயம். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால், பல வருஷமாக இருக்கிறது என்பார்கள். மாத்திரை? "நடக்கிறோமே, அதுவே போதும்னு நிறுத்திட்டேன்."

சர்க்கரை நோய் காலின் உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கிறது, அதனால் வலி தெரிவதில்லை என்பது பலருக்கும் தெரியும். அது நம் எதிர்ப்புச் சக்தியையும் கெடுக்கிறது என்பதுதான் சரியாகப் போய்ச் சேரவில்லை. காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடி வருபவை ரத்தத்தின் வெள்ளை அணுக்கள். கிருமியைப் பிடித்து விழுங்கிக் கொல்வது அவற்றின் வேலை. ரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால் அவை வந்து சேர்வதும் தாமதம், கிருமியைக் கொல்லும் திறனும் குறைவு. போதாததற்கு, காலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் பலருக்குக் குறைந்திருக்கும்.

சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கிறதே, அந்த அழற்சி உடம்பு கிருமியோடு போராடுவதன் அடையாளம். சாதாரணமாக அது சில நாளில் தணிந்து, புதுச் சதை வளர வழிவிடும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவர்கள் பலருக்கு அந்தத் தணிதல் சரியாக நடப்பதில்லை. அழற்சி நீடித்துக்கொண்டே போய், வளர வேண்டிய சதையையே அரிக்கிறது. மாதக்கணக்கில் ஆறாமல் ஒரே மாதிரி கிடக்கும் சர்க்கரைப் புண்ணுக்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், கிருமித்தொற்று வந்தாலே சர்க்கரையும் ஏறும். ஏறிய சர்க்கரை எதிர்ப்பை இன்னும் குறைக்கும். காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை என்று இன்சுலினைத் தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் ஆபத்தானது, உள்ளே சீழ் பிடித்திருந்தாலும் பலருக்குக் காய்ச்சலே வராது என்பது. கோயிலுக்கு நடந்துவிட்டு வந்த விவசாயி ஒருவர் நினைவுக்கு வருகிறார். மேலே பார்த்தால் பெருவிரலுக்கு அடியில் காய்ந்துபோன சின்னப் பொத்தல், அவ்வளவுதான். காப்பித்தூளும் மஞ்சளும் வைத்து மூடியிருந்தார். அதைக் கழுவிவிட்டு உள்ளங்காலை அழுத்தினேன். விரல் இடுக்கில் சீழ் வழிந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "டி.டி. ஊசி போட்டாச்சே சிஸ்டர், அப்புறம் எப்படி?" என்று கேட்டார். அந்த ஊசி ரணஜன்னிக்கு மட்டும்தான், சீழ் பிடிப்பதைத் தடுக்காது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பாதயாத்திரைக் கூட்டத்தில் அவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முருகனுக்கு மாலை போட்டு நடந்தவள் நானும்தான். ஆனாலும் சொல்கிறேன், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. நடக்கப் புறப்படும் முன் டாக்டரைப் பார்த்து, மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீண்ட நடையில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம் என்பது உண்மைதான். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்துவது சரியில்லை.

கூடாரம் போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலி நிவாரணித் தைலத்தோடு ஒரு குளுக்கோமீட்டரும் வையுங்கள். வருபவரை உட்காரவைத்து, விரல் இடுக்கு உட்படக் காலைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். சர்க்கரை உள்ளவருக்குப் புண் இருந்தால், வலி இல்லாவிட்டாலும், அங்கிருந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். தைப்பூசம் முடிந்த மாதத்திலாவது, மாத்திரை கொடுக்கும்போது உள்ளங்காலையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கும்படி சுகாதாரத் துறை அவர்களுக்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.