நாய்க்குட்டியின் மூக்கைச் சிறுநீரில் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் குட்டியின் மூக்கை அந்த இடத்திலேயே தேய்த்துவிட்டால் மறுபடி செய்யாது என்று சென்ற வாரம் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். எந்த நாய்க்கும் இதைச் செய்யக் கூடாது. அதிலும் புல்டாக் குட்டிக்குச் செய்தால் முகமெல்லாம் புண்ணாகும். நான் ஓய்வுபெற்ற செவிலியர். எங்கள் வீட்டில் பொம்மி என்ற இங்கிலீஷ் புல்டாக் வளர்கிறாள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புல்டாக்கின் முகம் முழுக்கத் தோல் மடிப்பு. கண்ணீர், எச்சில், குடித்த தண்ணீர், சாப்பாட்டுத் துணுக்கு எல்லாம் அதற்குள் போய்த் தங்கும். ஈரம் தங்கினால் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகித் தோல் சிவந்துவிடும், புளித்த வாடை வரும். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளின் அக்குளையும் தொடை இடுக்கையும் துடைத்து உலர்த்துவோமே, அதே வேலைதான் இதுவும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, மூக்குக்கு மேலுள்ள மடிப்பைத் தினமும் துடைக்கிறேன். பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பவுடர் போடு, தேங்காய் எண்ணெய் தடவு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பவுடர் ஈரத்தில் குழைந்து உள்ளே அடைத்துக்கொள்ளும், எண்ணெய் ஈரத்தைக் காயவிடாது. இரண்டுமே வேண்டாம். வாலடியிலும் ஒரு குழிவு உண்டு. வால் சுருண்டிருப்பதால் கண்ணில் படாது. அதையும் இப்படியே துடைக்க வேண்டும். குளியல் மாதம் ஒருமுறை போதும், அதுவும் நாய்க்கான ஷாம்புவில். நம்முடைய சோப்பு அதன் தோலுக்கு ஒத்துவராது.

இவ்வளவு பாடுபட்டு உலர்வாக வைக்கும் முகத்தைச் சிறுநீரில் தேய்ப்பதா? புல்டாக் குட்டைமூக்கு இனம், சாதாரணமாகவே மூச்சுவிடச் சிரமப்படும். பயத்தில் திமிறினால் மூச்சிரைப்பு இன்னும் கூடும். சரி, அடித்தாலாவது பழகுமா என்றால் அதுவும் இல்லை. நம் எதிரில் சிறுநீர் போனால் அடி விழும் என்பது மட்டும்தான் குட்டிக்குப் புரியும். அப்புறம் கட்டிலுக்கடியில் ஒளிந்து போகும். வெளியே கூட்டிப்போய் நின்றாலும் நம் முன்னால் போகாமல் அடக்கிக்கொள்ளும்.

இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் நாமே தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விட வேண்டும். தரையை மோந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. இரவில் ஒருமுறையாவது நாம் எழுந்தாக வேண்டும். பொம்மிக்குத் தடுப்பூசிகள் முடியும்வரை பார்வோ என்ற வைரஸ் நோய்க்குப் பயந்து தெருவில் இறக்கவில்லை. மொட்டைமாடி மூலையில் தட்டு நிறைய மண் வைத்துப் பழக்கினேன். வெயில் ஏறியதும் திருச்சியில் மாடித்தரை காலைச் சுட்டுவிடும். அதனால் பகலில் தட்டு குளியலறைக்கு வந்துவிடும். 'மூச்சா போ' என்று ஒரே சொல்லைச் சொல்வேன். போனவுடன், அந்த நொடியே, உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. நாலு எட்டு நடந்து வந்தபின் கொடுத்தால் எதற்காகக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது.

வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். வாடை மிச்சமிருந்தால் குட்டி அதே இடத்துக்குத்தான் வரும். நொதி கலந்த துப்புரவுத் திரவம் அந்த வாடையை நீக்கும். ஃபினாயில் வாடையை மறைக்கும், அவ்வளவுதான். மேலும் தரையில் நடந்த பாதத்தைக் குட்டி நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும்.

பணம் வாங்கிக்கொண்டு குட்டியைக் கொடுப்பவர்கள் இதில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017 முதல் மத்திய அரசின் விதியே இருக்கிறது, அதுவும் வாங்குகிற பலருக்குத் தெரியாது. நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்குள்ள மருத்துவர் ஒருவரைக் கொண்டு, மார்ச் மாத வெயில் தொடங்குவதற்கு முன்பே, குட்டைமூக்கு நாய்களின் பராமரிப்பைப் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு தொடர் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.