பெயிண்டுக்கு முன்னால் கதவைச் சாத்திப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்ஜினுக்கு இரண்டு பத்தி, பெயிண்டுக்கு ஒன்று, சீட் தோலுக்குக்கூட ஒன்று. கதவு, பானட், டிக்கி எல்லாவற்றையும் பாடியோடு பொருந்த வைக்கிற வேலைக்கு மட்டும் ஒரே வரி. டிங்கர் வேலையிலேயே தலை நரைத்தவன் நான், அது உறுத்தியது.

வண்டி வைத்திருப்பவர்களும் அப்படித்தான். துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து முடித்ததுமே, "சரி, பெயிண்ட் எப்போது?" என்பார்கள். பெயிண்ட் அடித்த பிறகு மாட்டிப் பார்த்தால் கதவின் ஒரு மூலை மட்கார்டில் உரசும். அப்புறம் தட்டிச் சரிசெய்யப் போனால் பெயிண்ட் வெடிக்கும். பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சு) நிலையிலேயே எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாக மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்ற வேண்டும். பெயிண்டுக்கும் கனம் உண்டு. பிரைமர், கலர், அதன்மேல் நிறமில்லாத கிளியர் பூச்சு எல்லாம் சேர்ந்தால் ஓர் ஓரத்துக்கு 0.1 மி.மீ.க்கு மேல் ஏறும். எதிர் ஓரத்திலும் அதே அளவு. இரண்டு ஓரங்களுக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி விட்டால் இதைத் தாங்கும். அழகுக்காக 2 மி.மீ.க்கு நெருக்கி வைத்தவர் பாடு திண்டாட்டம்தான்.

பெரும்பாலான வண்டிகளில் வேலை பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். பின்பக்கத் தகடு பாடியோடு வெல்டிங் ஆனது, அசையாது. கதவை அதற்கு ஏற்ப வைத்து, கதவுக்கு ஏற்ப முன் மட்கார்டை வைத்து, பானட்டைக் கடைசியில் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் சேர்ந்த கோணல் அத்தனையும் கதவின் பின் ஓரத்தில் வந்து நிற்கும். அங்கே நகர்த்த எதுவும் இருக்காது.

அதற்கும் முன்னால் கதவைக் கொஞ்சம் திறந்து, பூட்டுப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீலுக்குள் இருக்கும் ஊசி தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய அடியில் வைக்கும் மெல்லிய தகட்டுத் துண்டு) வைப்பது வீண். வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் எங்காவது தூக்கி வைத்தால் பாடி வளையும், கூரை இல்லாத வண்டியில் கண்ணுக்கே தெரியும். பாடிக்கு அடியில் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) உள்ள வண்டியில் பாடிக்கு அடியில் ஒரு ஷிம் கூட்டினாலே கதவின் இடைவெளி மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என மாறிவிடும். கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் கருவியும் கதவுக்குள் இருக்கட்டும், அந்தக் கனத்தில்தான் கதவு தொங்கும். கதவைச் சுற்றி வரும் புது ரப்பர் பட்டையான பீடிங்கையும் வைத்தே பாருங்கள். அது கதவை வெளியே தள்ளும். தள்ளுவது ரப்பர், திட்டு வாங்குவது டிங்கர்!

இடைவெளி அகலமாக இருந்தால் ஓரத்தில் பட்டி பூசி மறைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதவை நாலு தடவை ஓங்கிச் சாத்தினால் உதிர்ந்துவிடும். ஓரத்தில் மெல்லிய வெல்டிங் ஏற்றி அரம் போட வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் நிற்கும்.

இன்னொன்று. இன்றைய புதுக் காரின் இடைவெளியைப் பழைய காரில் கேட்கிறார்கள். அந்தக் காலத் தொழிற்சாலைகளிலேயே மரக்கட்டை வைத்து வளைத்தும், ஈயம் ஏற்றி இழைத்தும்தான் பொருத்தினார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவே பீடிங் வைத்தே போல்ட் போட்டார்கள். 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்பின் நீளமான பானட்கூட ஒரே தகடு அல்ல, பல துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்த்தது. அதை நேராக உட்கார வைப்பதற்கே தனிப் பொறுமை வேண்டும். என்னைக் கேட்டால், இடைவெளி குறுகலாக இருக்க வேண்டியதில்லை, ஒரே அகலமாக ஓடினால் போதும். மேடு பள்ளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள்.

எல்லாம் பொருந்திய பிறகு, கழற்றும் முன், எந்தக் கீலில் எத்தனை ஷிம் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். கீல் தகட்டையும் அது மாட்டியிருக்கும் கதவுத் தூணையும் சேர்த்து 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால், பெயிண்டுக்குப் பிறகு ஒரு கம்பியைச் செருகி அதே இடத்தில் கீலை மாட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிங்கர் ஒருவர்