மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டும் பாடம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்கள் அடிக்கடி வெளியே கூட்டிப் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் பலர் கூட்டிப் போகிற விதம் பள்ளிக்கூட டூர் மாதிரியே இருக்கிறது. காலையில் லால்பாக், மதியம் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், சாயங்காலம் நேரு கோளரங்கம், நடுவில் ஐஸ்கிரீம். கடைசியில் ஐஸ்கிரீம்தான் ஞாபகம் இருக்கும். நேரத்துக்குள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்ற வேண்டிய தலைவலி பள்ளிக்கு உண்டு, நமக்கு என்ன அவசரம்?

மடிவாளா சோமேஸ்வரர் கோயிலுக்கு என் மகளைக் கூட்டிப் போனேன். வெளிச்சுவரைச் சுற்றித் தமிழிலும் கிரந்தத்திலும் (தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து) கல்வெட்டுகள் இருக்கின்றன, பழையது 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓசூர் ரோட்டு நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போகிற நம்மில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்? செல்போன் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எடுப்பாகத் தெரியும் (சுண்ணாம்பு, மாவு என்று எதையும் பூசிவிடாதீர்கள்). ப, ம, ட என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவள், "என்னம்மா, எங்கேயுமே புள்ளி வைக்கல?" என்றாள். அந்தக் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, இடம் பார்த்துத்தான் 'ம'வா 'ம்'மா என்று முடிவு செய்ய வேண்டும். தமிழ்ப் புத்தகத்தை எடுத்தாலே கொட்டாவி விடுகிற பெண், ஒரே வரியோடு அவ்வளவு நேரம் மல்லுக்கட்டினாள்.

அங்குள்ள ஒரு கல்வெட்டு, வெங்களூர் (நம் பெங்களூருதான்) பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைத் தானம் கொடுத்ததைச் சொல்கிறது. சொன்னதும், அந்த ஏரியெல்லாம் இப்போ எங்கே என்று ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் எங்கே போவது என்று நான் திட்டமே போடவில்லை, அந்தக் கேள்விதான் எங்களை இழுத்துக்கொண்டு போனது. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் மேட்டில் இருக்கிற ஊர், பக்கத்தில் பெரிய ஆறு இல்லை, அதனால் பள்ளம் கண்ட இடத்திலெல்லாம் கரை கட்டி மழைத் தண்ணீரை நிறுத்தினார்கள், மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்கு ஓடும். அப்புறம் ஏரிகளை மூடினோம். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு ஆனது, சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. இன்று நம் குழாயில் வருகிற காவிரியை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்ப் செய்து மேலே ஏற்றுகிறார்கள்.

"மெஜஸ்டிக் போறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று மாமியார் சிரித்தார். போனோம். கையில் வரைபடம், பழைய ஏரி இருந்த இடத்தில் ஒரு பென்சில் வட்டம். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சாலைச் சரிவைப் பார்த்துப் பார்த்து அம்புக்குறி போட்டாள், வழியில் பஸ் போர்டுகளில் கன்னடமும் படித்தாள். செலவு பஸ் டிக்கெட்டும் இரண்டு டீயும்தான்.

ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். இங்குள்ள ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர் கட்டணம் கேட்டதற்கு, "எந்த ஸ்கூல்? லெட்டர் எங்கே?" என்றார்கள். பள்ளி இல்லாத பிள்ளை லெட்டருக்கு எங்கே போகும்? இவள் என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது ஆக வேண்டும், அதுவரை காட்ட எங்களிடம் ஆதார்தான் இருக்கிறது. வயதைப் பார்த்துச் சலுகை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இந்த ஊரில் கண்டிப்பாக இருப்பார்கள். யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிவாளாவுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தர முடிந்தால், தயவுசெய்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் வரட்டும், டார்ச் நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு