குளத்தின் இன்றைய கொள்ளளவை வானத்திலிருந்து அளக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

செவ்வாய்க்கும் சந்திரனுக்கும் ராக்கெட் விடுகிற காசில் எத்தனை குளங்களைத் திருத்தலாம் என்ற கேள்வி கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே விண்வெளி வேலையின் பயனாகக் கிடைத்த செய்மதிகள் வன்னியின் ஒவ்வொரு குளத்துக்கு மேலாலும் 5 நாளுக்கு ஒரு தடவை போய்ப் படம் எடுக்கின்றன. அந்தப் படங்களுக்கு ஒரு சதமும் இல்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம். அவை இருக்கும்போதே, இன்றும் பல சிறிய குளங்களில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பதைப் பழைய அட்டவணையை நம்பித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வரும் மாசியில் தொடங்கினால், அதற்கு அடுத்த ஆண்டின் சிறுபோகக் கூட்டத்துக்கு (வெயில்கால நெற்செய்கைக்கு ஏக்கர் பிரிக்கிற கூட்டம்) முன் இதை மாற்ற முடியும்.

பழைய அட்டவணையில் என்ன பிழை? குளம் கட்டியபோதோ திருத்தியபோதோ நிலத்தை அளந்து, அளவுகோலில் இத்தனை அடி என்றால் இத்தனை ஏக்கர் அடி தண்ணீர் (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர் ஒரு ஏக்கர் அடி) என்று எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரியும் மண்ணைக் கொண்டுவந்து குளத்துக்குள் கொட்டியிருக்கிறது. அளவுகோலில் 8 அடி நிற்கும். ஆனால் அன்றைய 8 அடித் தண்ணீர் இன்று இல்லை. இல்லாத அந்தத் தண்ணீரை நம்பித்தான் கூட்டத்தில் ஏக்கர் பிரிக்கிறோம். கடைசி இரண்டு முறைத் தண்ணீர் வராமல், வாய்க்காலின் கடைக்கோடி வயல்கள் கதிர் வெளிவரமுன் குடலைப் பருவத்தில் காய்கின்றன. வாய்க்கால்காரரையும் அயல் வயல்காரரையும் குறை சொல்வதில் சண்டை முடிகிறது. கணக்கு தொடக்கத்திலேயே பிழை.

ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்ரினல்-2 வரிசையின் முதற் செய்மதி 2015இலும் இரண்டாவது 2017இலும் ஏவப்பட்டன. இரண்டு செய்மதிகள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணியளவில், எங்கள் மேலால் போகும். அதன் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் 10 மீற்றருக்கு 10 மீற்றர். ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 40 பிக்சல் வரும்.

தண்ணீரை எப்படிப் பிரித்தறிவது? கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். இலையும் வெறுநிலமும் திருப்பியனுப்பும். ஆகவே பச்சை ஒளியின் அளவிலிருந்து செங்கீழ்க் கதிரின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், தண்ணீர் உள்ள பிக்சலில் விடை பொதுவாகப் பூச்சியத்துக்கு மேலே வரும், தரையில் கீழே வரும். இந்தக் கணக்கை நாங்கள் கையால் போடத் தேவையில்லை. கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையத்தளத்தில் இலவசமாகப் பதிந்து, குளத்தைத் தேடி, முகில் 10 வீதத்துக்குக் குறைந்த நாள்களைத் தெரிந்து, இந்த விடையைக் காட்டுகிற நீர்ச்சுட்டிப் (NDWI) படத்தை இறக்கிக்கொள்ளலாம். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் குளத்தைச் சுற்றி ஒரு எல்லை கீறி, தண்ணீர்ப் பிக்சல்களை எண்ணச் சொன்னால் எண்ணித் தரும். நில அளவை படித்த ஒருவர் ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம்.

படம் தருவது பரப்பு மட்டுமே, ஆழம் அல்ல. ஆழம் குளக்கட்டில்தான் கிடைக்கும். மாசியில் நிறைந்து கிடக்கிற குளம் ஆவணிவரை அடியடியாக இறங்குகிறது. அந்தக் காலத்தில் வானமும் பெரும்பாலும் வெளித்திருக்கும். செய்மதி போகிற அதே நாள், காற்று எழும்பமுன் காலையில், ஒருவர் துருசடிக்கு (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகடிக்கு) போய் அளவுகோலைப் பார்த்து எழுதினால் போதும். ஒரு இறக்கத்துக்கு 8 அல்லது 9 வாசிப்புகள் கிடைத்தால் அட்டவணை தயார்.

ஒரு கணக்கைக் காட்டுகிறோம். துருசின் அடிமட்டத்திலிருந்து 8 அடியில் தண்ணீர்ப்பரப்பு 40 ஏக்கர், 7 அடியில் 34 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி அரைவாசியாக்கினால் 37. அந்த ஒரு அடிக்குள் 37 ஏக்கர் அடி தண்ணீர். பிறகு 6 அடியில் 27, 5இல் 21, 4இல் 15, 3இல் 10, 2இல் 6, 1இல் 3, துருசடியில் 1 ஏக்கர் என்றால், இதே முறையில் ஒவ்வொரு அடியாகக் கூட்டி வர 136½ ஏக்கர் அடி. பழைய அட்டவணை 170 என்று சொல்லியிருந்தால், 33½ ஏக்கர் அடித் தண்ணீரின் இடத்தை இன்று வண்டல் பிடித்திருக்கிறது. சிறிய குளங்களுக்கு வழமையாகப் போடுகிற குறுக்குக் கணக்கான பரப்பு × ஆழம் × 0.4 இங்கே 128 தருகிறது. அவசரத்துக்கு அது உதவும், ஆனால் குளத்துக்குக் குளம் அடிவடிவம் வேறு.

இதை வயலுக்குக் கொண்டுவருவோம். வெயில் காலத்தில் ஆவியாதலை நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் என்று எடுத்தால் 100 நாளில் 500 மில்லிமீற்றர், அதாவது ஒன்றரை அடிக்குச் சற்று மேல். சராசரிப் பரப்பு 20 ஏக்கர் என்றால் 33 ஏக்கர் அடி வானத்துக்குப் போய்விடும். நெல்லுக்குத் துருசடியில் ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி என்று கணித்தால், புதிய அட்டவணைப்படி 26 ஏக்கர் செய்யலாம். பழையதன்படி 34. இடையில் நிற்கிற 8 ஏக்கரும் விதைத்து, உரமும் போட்டுக் காய விடப்போகிற 8 ஏக்கர். அந்த நிலத்துக்குப் பயறோ உழுந்தோ கௌபியோ என்று கூட்டத்திலேயே முடிவெடுத்திருந்தால் ஒரு குடும்பம் கடன்படாமல் தப்பியிருக்கும்.

பிழை வருகிற இடங்களையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு படத்தை நம்பினால் பழைய அட்டவணையை விட மோசமாகிவிடும். முதலாவது, தாமரையும் ஆம்பலும் சல்வீனியாவும் மூடிய குளத்தை செய்மதி புல்வெளி என்றே எண்ணும். அப்படியான குளத்தில் எல்லையைக் கரையோடு கையால் கீறித்தான் பரப்பு எடுக்க வேண்டும். இரண்டாவது, முகிலின் நிழல் தண்ணீர் போலத் தெரியும். நிழல் குளத்தில் விழுந்த நாளை விட்டுவிடுங்கள். மூன்றாவது, மழைக்குப் பிறகு கலங்கிய தண்ணீர் செங்கீழ்க் கதிரைக் கொஞ்சம் திருப்பியனுப்பும். பூச்சிய எல்லையைச் சற்றுக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். நான்காவது குளத்தின் அளவு. 50 ஏக்கர்க் குளத்தில் கரையோரப் பிக்சல்கள் நூற்றுக்கு ஒன்பதளவில்தான் வரும். 5 ஏக்கர்க் குளத்தில் நூற்றுக்கு 28. அந்தப் பிக்சல்களில் பாதி தண்ணீர், பாதி கரை. ஆகவே 5 ஏக்கருக்குக் குறைந்த குளங்களுக்கு இந்த வழி சரிவராது; அவற்றுக்குத் தடி ஊன்றி அளப்பதே மேல். அலைகரையில் பற்றை வளர்ந்த குளங்களிலும் மேற்பக்கப் பரப்பு குறைத்தே காட்டும்.

இந்த அட்டவணை வெள்ளத்துக்கும் வேண்டும். மேலே சொன்ன குளத்துக்கு 2 சதுர மைல் நீரேந்துப் பிரதேசம் இருந்தால் அது 1280 ஏக்கர். வான் பாய (குளம் நிறைந்து மேலதிக நீர் வழிந்தோட) இன்னும் ஒரு அடி கிடக்கிறது என்று ஆறுதல் பட்டுக்கொள்கிறோம். அந்த ஒரு அடியில் கொள்வது 37 ஏக்கர் அடி மட்டும். 1280 ஏக்கரிலிருந்து மூன்றிலொரு அங்குலத் தண்ணீர் ஓடி வந்தாலே அது நிறைந்துவிடும். நிலம் ஏற்கெனவே நனைந்திருக்கிற கார்த்திகை, மார்கழியில் அதற்கு முக்கால் அங்குல மழைகூடத் தேவைப்படாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையைக் கடந்த புரெவிப் புயலைச் செய்மதிகள் பல நாள்களுக்கு முன்பிருந்தே பின்தொடர்ந்தன. புயல் வருகிறது என்பது தெரியும். எங்கள் குளத்தில் எத்தனை ஏக்கர் அடிக்கு இடம் இருக்கிறது என்பதுதான் தெரியாமல் இருக்கிறது.

மழையைச் செய்மதியால் அளப்பதில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். உலக மழை அளவீட்டுத் திட்டத்தின் படம் அரை மணிக்கு ஒருமுறை வந்தாலும், அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 11 கிலோமீற்றருக்கு 11 கிலோமீற்றர். 2 சதுர மைல் நீரேந்துப் பிரதேசம் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. குளக்கட்டில் ஒரு மழைமானி கட்டாயம் வேண்டும். நீரேந்துப் பிரதேசத்தின் எல்லையைக் கீறுவதிலும் கவனம் தேவை. 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் 11 நாள்களில் ராடரால் எடுத்த உயர வரைபடம் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது காட்டுக்குள் நிலத்தை அல்ல, மரத்தின் மேற்பகுதியைத்தான் அளந்திருக்கிறது. வன்னியின் தட்டை நிலத்தில் இந்தச் சில மீற்றர்ப் பிழை தண்ணீரை வேறு குளத்துக்குத் திருப்பிவிட்டது போலக் காட்டும். கீறிய எல்லையை ஊர் மூத்தவர்களோடு நடந்து பார்த்துத் திருத்துங்கள்.

வெள்ளம் நிற்கிற நாள்களில் வானம் மூடியிருக்கும்; சென்ரினல்-2 குருடு. அப்போது அதே முகவரகத்தின் ராடர்ச் செய்மதியான சென்ரினல்-1 உதவும். அதன் ராடர் அலை 5.6 சென்ரிமீற்றர் நீளம்; முகில் அதற்குத் தடையல்ல. அமைதியான தண்ணீர் அந்த அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாக இருக்கும். வெள்ளத்துக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் பக்கத்தில் வைத்தால் மூழ்கிய வயல்வெளி தெரியும். காற்று அடித்துத் தண்ணீர் அலைந்தால் கறுப்பு வெளிறும். மரங்களுக்கு அடியில் நிற்கும் வெள்ளம் மாறாகப் பளிச்சென்று தெரியும். விதைப்புக்குத் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்புத்தான். ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள் என்பதால், வெள்ளம் வடிந்த பிறகே படம் வரக்கூடும். அதற்காகத்தான் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் பேரிடர்களுக்கான சர்வதேச விண்வெளிச் சாசனம் இருக்கிறது. அரசின் அனர்த்த முகாமை அமைப்பு கேட்டால் பல நாடுகளின் செய்மதிகள் அந்த இடத்துக்குத் திருப்பப்பட்டு, படங்கள் இலவசமாகத் தரப்படும். அப்படி வருகிற வரைபடங்கள் கிராம அலுவலர் மட்டத்துக்கு இறங்கி வந்து, பயிரழிவு மதிப்பீட்டில் சேர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

காணிப் பிரச்சினை பற்றியும் ஒரு சொல். இடப்பெயர்வுக்கு முன் வயலாக இருந்து பின்னர் காடேறிய நிலங்கள் பற்றி வழக்குப் பேசுகிறவர்கள் அமெரிக்காவின் லான்ட்சாட் செய்மதிப் படங்களைத் தேடிப் பார்க்கலாம். 1972 முதல் எடுக்கப்பட்ட இவை 2008 முதல் இலவசம். 1982க்குப் பின் வந்தவற்றில் ஒரு பிக்சல் 30 மீற்றர். ஒரு ஏக்கருக்கு நாலரை பிக்சல்தான் வருவதால் தனி ஒருவரின் துண்டு நிலத்தை இவற்றால் நிறுவ முடியாது. ஆனால் 50 ஏக்கர் வயல்வெளி அன்று பயிரிடப்பட்டதா என்பது தெளிவாகத் தெரியும். எல்லா ஆண்டுக்கும் படம் இல்லை. 2003 மே மாதத்துக்குப் பிந்திய லான்ட்சாட்-7 படங்களில் கருவி பழுதானதால் கோடு கோடாக இடைவெளி இருக்கும்.

குளத்துக்கே திரும்பி வருகிறோம். கமக்காரர் அமைப்புகள் செய்ய வேண்டியது குறைவு. துருசடியில் அளவுகோல் இல்லாத அல்லது எழுத்து அழிந்த குளங்களில், துருசின் அடிமட்டத்தைப் பூச்சியமாக வைத்து, அங்குலம் தெரியக் கறுப்பு வெள்ளைப் பெயின்ற்றில் ஒன்றை எழுதுங்கள். பூச்சியத்தைப் பிழையாக வைத்தால் அட்டவணை முழுவதும் பிழைக்கும். ஆதலால் அதை ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு உறுதிப்படுத்துங்கள். செய்மதி வருகிற திகதிகளைக் கமநல சேவை நிலையத்தின் அறிவித்தற் பலகையில் மாதத் தொடக்கத்திலேயே ஒட்டுங்கள். செயலாளரோ துருசுப் பொறுப்பாளரோ அன்று காலை அடியையும் அங்குலத்தையும், துருசு திறந்திருந்ததா என்பதையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். வரும் மாசியில் முதல் வாசிப்பைத் தொடங்கினால், புரட்டாதியில் அட்டவணை கையில் இருக்கும். நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் அந்தக் கொப்பிகளை வாங்கி, பரப்புக் கணக்கைப் போட்டுக் கொடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு உத்தியோகத்தரை நியமிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வன்னிக் குளங்களின் நீர்க்கணக்கில் ஈடுபட்டுள்ளோர்,
கிளிநொச்சி.