டெலீட் டூலுக்கு ஒரு வரி போதாது

நாங்கள் தினமும் டிக்கெட் போடும், அதாவது செய்ய வேண்டிய டாஸ்க்குகளைப் பதிவுசெய்யும், மென்பொருளை உருவாக்கும் குழுவினருக்கு, குறிப்பாக ஏஐ ஏஜென்ட்டுகளுக்கான டூல்களுக்கு விளக்கம் எழுதுபவருக்கு,

வணக்கம்.

நாங்கள் சொல்வதைக் கேட்டு உங்கள் மென்பொருளில் வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட், ஒரு டூலை, அதாவது நீங்கள் அதற்குக் கொடுத்திருக்கும் கட்டளையை, விளக்கத்தைப் படித்துத்தான் கூப்பிடும். உங்கள் டெலீட் டூலின் விளக்கத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'ஒரு டாஸ்க்கை நீக்கும்.' போன மாதம் அந்த ஒரு வரியை நம்பி எங்கள் ஏஜென்ட் ஒரு காரியம் செய்தது.

பழைய ஸ்பிரின்ட் (குறுகிய கால வேலைச் சுற்று) ஒன்றில் ஒரே டிக்கெட் இரண்டு மூன்று தடவை பதிவாகிக் கிடந்தது. "டூப்ளிகேட்டை எல்லாம் எடுத்துவிடு" என்றேன். '3 டாஸ்க்குகள் நீக்கப்பட்டன' என்று பதில் வந்தது. சரி, முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் டெஸ்டிங் பார்க்கும் பெண் என் மேசையருகே நிற்கிறார். "அண்ணா, பேமென்ட் டிக்கெட்டுக்குக் கீழே இருந்த என் சப்-டாஸ்க் எல்லாம் எங்கே?"

அந்த மூன்றில் ஒன்று தலைப்பில் மட்டும்தான் டூப்ளிகேட். அதன் கீழே 14 சப்-டாஸ்க் இருந்தன. பிழை எந்த போனில் வந்தது, எத்தனையாவது முயற்சியில் வந்தது என்று அவர் எழுதி வைத்த குறிப்புகள், ஒட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகள், நேரக் கணக்கு எல்லாம் தாய் டிக்கெட்டோடு சேர்ந்து போய்விட்டன. குப்பைத்தொட்டியில் தேடினோம். அது ப்ராஜெக்ட்டுகளுக்கு மட்டும்தான், தனி டாஸ்க்குகளுக்குக் கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் மேல் தப்பு இல்லையா என்றால், இருக்கிறது. 'எல்லாம்' என்று அலட்சியமாகச் சொன்னேன். நீக்கும் அனுமதியையும் கொடுத்து வைத்திருந்தேன். ஆனால் இதே டிக்கெட்டை நான் கையால் நீக்கப் போயிருந்தால் உங்கள் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்திருக்கும்: 'இதன் கீழ் 14 சப்-டாஸ்க் உள்ளன, அவையும் நீங்கும், திரும்பப் பெற முடியாது.' நல்ல எச்சரிக்கைதான். ஏஜென்ட்டுக்கு ஏது திரை? டூல் விளக்கத்தில் இருப்பதுதான் அதற்குத் தெரியும். அந்தப் பெட்டியின் வாசகத்தை அப்படியே எடுத்து அங்கே ஒட்டியிருந்தால்கூடப் போதும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஜிரா என்ற இன்னொரு டிக்கெட் மென்பொருளின் ஏபிஐ (வேறு நிரல்கள் அதைக் கூப்பிடும் வழி), சப்-டாஸ்க் உள்ள டிக்கெட்டை நீக்கச் சொன்னால் மறுத்துவிடும். 'சப்-டாஸ்க்குகளையும் நீக்கு' என்று தனியாகக் கேட்டால்தான் நீக்கும். அது ஆவணத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.

அதே ஜிராவை நடத்தும் அட்லாசியன் 2022 ஏப்ரலில் பட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பழைய செயலியை மட்டும் எடுக்க வேண்டிய ஸ்கிரிப்டுக்குச் செயலியின் ஐடிக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளத்தின் ஐடி போய்ச் சேர்ந்தது. ஏபிஐ இரண்டையும் ஏற்கும். எதை நீக்கப் போகிறேன் என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் போய்விட்டன. சிலருக்குத் திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் வரை ஆனது. அங்கே ஏஜென்ட் யாரும் இல்லை, ஸ்கிரிப்டை ஓட்டியவர்கள் மனிதர்கள்தான். அனுபவசாலிகளுக்கே இந்தக் கதி என்றால், விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு நொடிக்கொரு டூலைக் கூப்பிடும் ஒன்றிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

ஏஜென்ட்டுகளை டூல்களோடு இணைக்கும் எம்.சி.பி. நெறிமுறையில் 'இந்த டூல் அழிக்கக்கூடியது' என்று குறிக்க ஓர் இடம் இருக்கிறது. நீங்களும் குறித்திருக்கிறீர்கள், பார்த்தேன். ஆனால் அது குறிப்பு மட்டுமே, பூட்டு அல்ல. அதைப் பார்த்து 'அனுமதிக்கலாமா?' என்று கேட்கும் செயலிகளிலும், காலையிலிருந்து முப்பது தடவை 'ஆம்' அழுத்தியவர் முப்பத்தோராவதை நின்று படிப்பார் என்று நான் நம்பவில்லை. நானே படிப்பதில்லை.

நான் கேட்பது ஒரு சின்னப் பத்திதான். எழுத நேரமில்லை என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்:

'இந்த டூல் டாஸ்க்கையும் அதன் கீழுள்ள சப்-டாஸ்க், கமென்ட், இணைப்பு, நேரக் கணக்கு அனைத்தையும் நிரந்தரமாக நீக்கும். மீட்க வழியில்லை. டூப்ளிகேட், முடிந்த வேலை, பழைய வேலை ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்தாதே. நீக்காமல் ஒதுக்கி வைக்கும் ஆர்கைவ் டூலைப் பயன்படுத்து. பயனர் குறிப்பிட்ட டிக்கெட் எண்ணைச் சொல்லி நீக்கச் சொன்னால் மட்டும், முதலில் சப்-டாஸ்க் எத்தனை என்று பார்த்துச் சொல்லி, ஒப்புதல் பெற்று நீக்கு.'

அப்புறம் இன்னொன்று. 3 என்று வந்த பதிலும் பொய்தான், போனது 17. உண்மை எண்ணிக்கையைப் பதிலில் கொடுங்கள். நெட் தடுமாறி ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டால் இப்போது 'அப்படி ஒரு டாஸ்க் இல்லை' என்று வருகிறது. ஐடிதான் தப்போ என்று அது அதே பெயருள்ள வேறு டிக்கெட்டைத் தேடப் போகிறது. 'ஏற்கெனவே நீக்கப்பட்டது' என்று சொல்லிவிட்டால் அதோடு நின்றுவிடும்.

அதுவரை உங்கள் டெலீட் டூலை எங்கள் பக்கம் அணைத்து வைத்திருக்கிறேன். டூப்ளிகேட்டுகளை இப்போது அந்தப் பெண்ணே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடுகிறார். 14 சப்-டாஸ்க்கில் ஒன்பதைத் தன் போனில் இருந்த படங்களை வைத்து மறுபடி எழுதிவிட்டார். மீதி ஐந்தும் என்ன என்று அவருக்கு நினைவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டும் ஒரு சின்ன டீமின் பொறுப்பாளர்