டாம்கேட்டில் 403 வந்தால் கடவுச்சொல்லைக் குறை சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் அப்பாச்சி டாம்கேட் சர்வரை நிர்வகிப்போர் திரும்பத் திரும்பச் சறுக்கும் ஓரிடத்தைப் பற்றித் தங்கள் கணினிப் பகுதி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

செயலிகளை நிர்வகிக்க டாம்கேட்டுடன் வரும் மேனேஜர் பக்கத்தைத் திறக்கும்போது 401 என்று வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்று பொருள். 403 என்பதோ அனுமதி மறுப்பு. 7ஆம் பதிப்பில், 'மேனேஜர்' என்றிருந்த ஒற்றைப் பொறுப்பு (ரோல், அதாவது பயனருக்குத் தரப்படும் உரிமை), உலாவிக்கு மேனேஜர்-ஜியுஐ, நிரல்வழிக் கட்டளைகளுக்கு மேனேஜர்-ஸ்கிரிப்ட், ஜேஎம்எக்ஸ் என்னும் ஜாவா கண்காணிப்பு வசதிக்கு ஒன்று, நிலையைப் பார்க்க மட்டும் ஒன்று என நான்காகப் பிரிக்கப்பட்டதை அறியாமல், பயனர்களும் அவர்களின் பொறுப்புகளும் எழுதப்பட்ட பழைய பயனர் கோப்பையே நகலெடுத்து வைத்துவிட்டு, நான் பணியாற்றிய ஓரிடத்தில் அரைநாள் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்தோம். (அக்கோப்பின் மாதிரி வரிகள் குறிப்புரைக் குறிகளுக்குள் அடைபட்டிருப்பதைக் கவனிக்காமல் திருத்தி ஏமாறுவது தனிக்கதை.)

பொறுப்பு சரியாக இருந்தும் 403 நீடித்தால், மேனேஜர் செயலியின் கான்டெக்ஸ்ட் என்னும் அமைப்புக் கோப்பிலுள்ள முகவரி வால்வை, அதாவது கோரிக்கை வரும் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். அண்மைப் பதிப்புகளில் அது சர்வர் இயங்கும் அதே கணினியிலிருந்து, அதாவது 127.0.0.1 போன்ற உள்முகவரிகளிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டுமே இயல்பாக ஏற்கும். அதை அடியோடு நீக்கிவிடுமாறு பலர் அறிவுரை கூறுவது ஆபத்தானது. நிர்வாகியின் முகவரியை மட்டும் சேர்த்தால் போதும்.

நான்கு பொறுப்புகளையும் ஒருவருக்கே அள்ளிக் கொடுப்பதும் தவறு. உள்நுழைந்திருக்கும் பயனரின் உலாவியை ஏமாற்றி அவர் பெயரில் கோரிக்கை அனுப்பவைக்கும் போலிக் கோரிக்கைத் தாக்குதலைத் (சிஎஸ்ஆர்எஃப்) தடுக்கும் காப்பு ஸ்கிரிப்ட், ஜேஎம்எக்ஸ் வழிகளுக்கு இல்லாததால், ஜியுஐ பொறுப்புடைய பயனருக்கு அவ்விரண்டையும் தரலாகாது என்று டாம்கேட் ஆவணமே எச்சரிக்கிறது.

இப்படிக்கு,
கணினி நிர்வாகி ஒருவர், மதுரை.