பழைய கல்லுக்கு வார்னிஷ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் எந்தக் கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணி என்று கேள்விப்பட்டாலும் எனக்குக் கவலையாகிவிடுகிறது. கல்தூண்கள் பளபளக்க வேண்டும் என்று வார்னிஷ் பூசிவிடுகிறார்கள். வடகொழும்பில் ஒரு கோயிலில் அப்படிப் பூசிய தூண்களைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு கொப்புளித்து நிற்கிறது. நகம் பட்டாலே தோல்போல உரிகிறது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. தாமரை இதழ் செதுக்கிய ஓரங்களில் கல்லும் சேர்ந்து பொடியாக உதிர்கிறது.

இங்கே கடற்காற்றே உப்புக் காற்று. போதாததற்கு நிலத்து ஈரமும் அடியிலிருந்து ஏறுகிறது. கருங்கல் அதிகம் நீர் உறிஞ்சாது, சரி. ஆனால் பொருத்துகளும் மயிரிழை வெடிப்புகளும் உறிஞ்சும். வெறுங்கல்லாக விட்டால் ஈரம் காய்ந்து உப்பு வெளியே பூக்கும், தூரிகையால் தட்டிவிடலாம். மேலே அடைத்துப் பூசினால் அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிக் கல்லைப் பெயர்க்கும். சுண்ணச் சாந்து இருந்த பொருத்துகளில் சீமெந்து அடைப்பதும் கெடுதிதான். கபுக் கல் எனும் செம்புரைக்கல்லால் ஆன கட்டடங்கள் இதையெல்லாம் இன்னும் குறைவாகவே தாங்கும்.

பாதுகாப்புப் பூச்சே கூடாது என்பதல்ல என் கட்சி. சிலேன் வகைப் பூச்சுகள் மழைநீரைத் தடுத்து, நீராவியை வெளியே விடும். நொய்ந்த மணற்கல்லை எத்தில் சிலிக்கேற் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் இவை உள்ளே இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. உப்பேறிய கல்லில் சிலேனும் கேடே செய்யும். ஆகவே முதலில் காய்ச்சி வடித்த நீரில் காகிதக் கூழைக் குழைத்துக் கல்லில் அப்பி, உப்பை இழுத்தெடுக்க வேண்டும். அப்புறம் கண்ணில் படாத மூலையில் ஒரு சாண் இடத்தில் மட்டும் பூசி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்க்க வேண்டும். கும்பாபிஷேக நாள் நெருங்குகிறது என்று இதை விட்டுவிடக் கூடாது. கொச்சிக்கடையில் சர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில் போன்ற ஒன்றை இன்று யார் கட்டப்போகிறார்கள்?

தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிகளுக்கும் இந்த நிதானம் தேவை. பிரான்ஸின் சார்த்ர் பேராலயக் கண்ணாடிகளில் 1970களில் ரெசின் பூசியபோது ஓவியர்களே எதிர்த்தார்கள். இன்று உலகம் நம்பும் வழி, வெளிப்புறத்தில் இன்னொரு கண்ணாடி போட்டு மழையையும் காற்றையும் அதன்மேல் விடுவது. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே காற்றோட்டம் கட்டாயம். இடைவெளியை மூடிவிட்டால் நம் வெயிலில் சூடு தேங்கி, ஈயச் சட்டங்கள் வளைந்துவிடும்.

தொல்பொருள் திணைக்களத்திடம் ஒரு வேண்டுகோள். எந்தக் கல்லுக்கு எது பூசலாம், எது கூடாது என்று ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, கோயில் பரிபாலன சபைகளுக்கும் பங்குத் தந்தையர்களுக்கும் அனுப்புங்கள். திருப்பணிக்கு ஒப்பந்தம் போடும் முன்பே அது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகர்,
கொழும்பு 13